பதினெட்டு வீட்டுக் குளியல்

மோசெலின் குளியல் கல் சூடேறினால் வாய்க்காலில் நீந்தும் வாத்து வெந்து மிதக்கும் என்று திலதெலோல்கோவில் சொல்வார்கள். அது சுத்தப் பொய். இருபது வருஷத்தில் வெந்து மிதந்தது மொத்தமே மூன்று வாத்து. அதில் ஒன்று ஏற்கெனவே நோஞ்சான்.

மெஷிகாக்களின் ஏரி நகரமான தெனோச்தித்லான் தீவின் வடக்கு முனைதான் திலதெலோல்கோ. அங்கே பெரிய சந்தைக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டி ஒரு சந்து. சந்தில் பதினெட்டு வீடு. சந்து முடியும் இடத்தில் மோசெலின் குளியல் வீடு, கவிழ்த்து வைத்த பானை மாதிரி மண் பூசிய கூடு. வாசல் நாய்க்காகக் கட்டியது போலத் தாழ்வாக இருக்கும். எவ்வளவு பெரிய வீரனானாலும் நாலு காலில்தான் உள்ளே போக வேண்டும். அடுப்பு வெளிப்புறம். அடுப்புக்கும் அறைக்கும் நடுவே துளைத் துளையான சிவப்புக் கல் சுவர். கல் நன்றாகக் காய்ந்ததும் உள்ளே இருந்து அதன்மேல் தண்ணீர் அடித்தால் ஆவி எழும். பிள்ளை பெற்றவள், முதுகு பிடித்தவன், காய்ச்சல்காரன், மாமியாரோடு சண்டை போட்டவள் எல்லோருக்கும் அதுதான் மருந்து.

அதற்கு இரண்டு சட்டம் உண்டு. முதலாவது, யாரும் தனியாகக் குளிக்கக் கூடாது. சோள மட்டைக் கட்டால் முதுகில் தட்டி ஆவியை உடம்புக்குள் இறக்க இன்னொரு கை வேண்டும். இரண்டாவது, கல் சிவந்ததும் சந்தில் உள்ள ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒரு வீட்டிலிருந்து 'வரேன்' என்றோ 'இன்னிக்கு இல்ல' என்றோ பதில் வராமல் அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. பதினெட்டும் முடியாமல் வாசல் தட்டியை விலக்கக் கூடாது. விட்டுப்போன வீட்டைத் தேடி நெருப்பு தானே போய்விடும். ஒருமுறை ஒற்றைக்கண் வீட்டைக் கூப்பிட மறந்து, அன்று சாயங்காலமே அவர்கள் கூரை பற்றிக்கொண்டது. அடைச் சட்டியின் கீழ் தீயை அணைக்காமல் வம்பளக்கப் போயிருந்த அந்த வீட்டுக்காரி, கூப்பிடாததுதான் காரணம் என்று ஊர் முழுக்கச் சத்தியம் செய்தாள்.

கூப்பிடுவது மோசெலின் கணவன் சிமலின் வேலை. உருளைக்கல்லால் சுவரை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "பானை வீடு" என்று ஆரம்பிப்பான். வாத்து வீடு, ஒற்றைக்கண் வீடு, மூன்று அக்காள் வீடு என்று போய் இறகு வீட்டில் முடிப்பான். எல்லாம் முடிந்ததும், பத்தடி தூரத்தில் மூலிகை இடித்துக்கொண்டிருக்கும் மனைவியைப் பார்த்து, "குளியல் வீடு" என்பான்.

"வீட்டுல இல்ல" என்பாள் மோசெல்.

"அப்போ பேசறது யாரு?"

"பக்கத்து வீட்டுக்காரி."

முதல் வருஷம் சந்தே சிரித்தது. இரண்டாம் வருஷம் சிமல் மட்டும் சிரித்தான். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு நாள் சொல்லாமல் விட்டால், பானை வீட்டுக்காரி தலையை நீட்டி, "என்ன, ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லையா?" என்று கேட்பாள்.

இப்படி இருபது வருஷம். கடல் தாண்டி வந்த தாடிக்கார ஸ்பானியர் அரண்மனையில் விருந்தாளியாக உட்கார்ந்தபோதும் குளியல் நிற்கவில்லை. கோடையில் ஒரு மழை இரவு மெஷிகா வீரர்கள் அவர்களை ஏரியைக் கடக்கும் அணைச்சாலை வழியே விரட்டியடித்தார்கள். மறுநாள் சந்தில் இரண்டு வான்கோழி அறுத்தார்கள். தொல்லை ஒழிந்தது என்று எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

கொப்புளம் அந்த இலையுதிர் காலத்தில் வந்தது. தாடிக்காரர்களின் ஊரில் குழந்தைகளுக்கு வந்து போகிற அம்மைதானாம். அவர்களில் பலர் சின்ன வயதிலேயே அதைப் பார்த்துவிட்டவர்கள். இங்கே அதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பெயர் இல்லாததால் பெரிய கொப்புளம் என்றார்கள். முதலில் உடம்பு கொதித்தது. உடம்பு கொதித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்: குளியல் வீட்டில் ஆவி பிடித்து, வெளியே வந்து நேரே குளிர்ந்த வாய்க்காலில் குதிக்க வேண்டும்.

சிமல் கூப்பிட்டான். பதினெட்டு வீடும் 'வரேன்' என்றது. இருபது வருஷத்தில் ஒரு வீடுகூட 'இன்னிக்கு இல்ல' என்று சொல்லாத வாரம் அது ஒன்றுதான். மோசெல் தட்டினாள். கை வலிக்க வலிக்கத் தட்டினாள். தெருவை மறித்துச் சண்டை போட வேண்டிய ஆண்களின் முதுகு ஒவ்வொன்றையும் அவள் கை அறியும். அவள் மகள்களில் பெரியவளுக்குப் பதினாறு, சின்னவளுக்குப் பதினொன்று, குளியல்காரியின் மகள்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று குளியல். கடைசியாக சிமலையும் தட்டினாள்.

மோசெலுக்கே வந்தபோது அடுப்பு மூட்டவும் தட்டிவிடவும் ஆள் இல்லை. தனியாகக் குளிக்கக் கூடாது. அதனால் பாயில் கிடந்தாள். எல்லா வீட்டிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்திருந்தார்கள். அடை சுட்டுத் தர, ஒரு வாய் தண்ணீர் தர நிற்கக்கூடிய கால் சந்தில் ஒன்றுகூட இல்லை. கொப்புளத்துக்குத் தப்பியவர்களில் சிலர் பசியில் போனார்கள். பன்னிரண்டாம் நாள் மோசெல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகம் முழுக்கக் குழி. சந்து பேசவில்லை.

குளித்தவர்கள் போனார்கள், குளிக்காத நான் இருக்கிறேன். இதை ஒரு தடவைதான் யோசித்தாள். அதன் பிறகு அது அவள் யோசிக்காமலே இருந்தது, முதுகுத்தண்டு இருப்பது போல.

வசந்தத்தில் ஸ்பானியர் திரும்பி வந்தார்கள், இந்தத் தடவை தனியாக அல்ல. தாடிக்காரர் சில நூறு பேர். அவர்களுக்குப் பின்னால் கிழக்கு மலைக்கு அப்பாலிருந்து திலஷ்கலாக்காரர்கள், மெஷிகாக்களுக்கு இத்தனை காலம் கப்பம் கட்டிச் சலித்த ஊர்க்காரர்கள் என்று எண்ணி மாளாத கூட்டம். மலையில் மரம் அறுத்து, பலகை பலகையாகத் தோளில் சுமந்துவந்து, ஏரிக்கரையில் பூட்டிப் பதின்மூன்று கப்பல் விட்டார்கள். நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்த வாய்க்காலை உடைத்தார்கள். மோசெல் பல்லியும் தோலும் தின்று, உப்புத் தண்ணீர் குடித்து, சந்தை மைதானம் வரைக்கும் சண்டை வந்து அடங்குவதைப் பார்த்தாள். மற்றவர்களோடு அணைச்சாலை வழியே வெளியேறினாள். கரையில் யார் யார் வீட்டிலோ சோளம் அரைத்தாள். பிறகு திரும்பி வந்தாள். வேறு எங்கே போவது என்று தெரியாததுதான் காரணம். வந்தவள் அடுப்பு வாயை மண் வைத்து அடைத்தாள்.

இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. குளிர்காலத்தில் ஒரு காலை, மார்போடு குழந்தையைக் கட்டிய இளம்பெண் ஒருத்தி சந்து வழியே வந்து குளியல் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"இது உன்னோட குளியல் வீடா?"

மோசெல் அரைப்பதை நிறுத்தவில்லை. "கோழிக்கூடு."

"கோழி எங்க?"

"செத்துப்போச்சு."

"உள்ள எட்டிப் பாத்தேன். நெருப்புக் கல் இருக்கு. மெஷிகாக்காரங்க பெரிய கைவேலைக்காரங்கன்னாங்க. பொய்யைக் கொஞ்சம் வேலைப்பாடா சொல்லக் கூடாதா?"

சொல்லிவிட்டு அந்தப் பெண் துணி முடிச்சை அவிழ்த்து, ஒரு கட்டி உப்பை எடுத்து நக்கினாள். அதற்குமேல் எந்த ஊர் என்று கேட்கத் தேவையில்லை.

"திலஷ்கலாக்காரியா? மான் மாதிரி நக்கறியே."

"அறுபது வருஷம் மலையைத் தாண்டி உப்பு வர விட்டீங்களா நீங்க? எங்கம்மா உப்புன்னு சொல்லிக் கேட்டிருக்கேன், கண்ணால பாத்ததில்ல. விட்டதையெல்லாம் சேத்து இப்பத் தின்னுட்டிருக்கேன்."

அவள் பெயர் ஷோக்கோ. கணவன் தாடிக்காரர்களோடு தெற்கே இன்னொரு ஊரைப் பிடிக்கப் போயிருந்தான். குழந்தை பிறந்து நாலு நாள். பால் இறங்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஆவி இறங்கினால்தான் பால் இறங்கும். "எங்க ஊரா இருந்தா இந்நேரம் நாலு பேர் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. இங்க அதோ அந்த வீட்டுல நானும் இதுவும்தான்."

"அது இறகு வீடு. உன் வீடு இல்ல."

"காலியா கெடந்துச்சு."

"காலியா இல்ல" என்றாள் மோசெல். "போ. இங்க நெருப்பு மூட்டறதில்ல."

அன்று முழுக்க இறகு வீட்டிலிருந்து குழந்தை அழுதது. அழட்டும், அழுகிற குழந்தை உயிரோடு இருக்கிற குழந்தை என்று மோசெல் சோளத்தை இன்னும் பலமாக அரைத்தாள். மறுநாள் காலை அழுகை மெலிந்திருந்தது. பூனைக்குட்டி சத்தம் மாதிரி. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அவள் எழுவதற்குள் ஷோக்கோவே வந்துவிட்டாள். ஒரு தோளில் குழந்தை, மறு தோளில் தார் பூசிய பலகை.

"விறகு இல்லன்னுதான சொல்ற? இந்தா."

"விறகு இல்லன்னு யார் சொன்னா? என்ன பலகை இது?"

"கப்பல் பலகை. அளவு தப்பாப் போச்சுன்னு தூக்கிப் போட்டாங்க. என் புருஷன் விடல. மலை தாண்டித் தோள்ல சுமந்தவன் அவன்தான். இதை வெச்சுத்தான் உங்க ஊரை ஜெயிச்சோம்னு கல்யாணத்துக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் காட்டினான். நான் மேல சட்டி அடுக்கி வெச்சிருந்தேன்."

"நீங்க ஜெயிக்கல" என்றாள் மோசெல்.

"பின்ன? தாடிக்காரன் தனியா வந்தப்ப நீங்க விரட்டலையா? நாங்க சேந்தோம், விழுந்துச்சு. உங்க ஆளுங்க சண்டையில எதிரியை உயிரோட பிடிச்சுக் கோயில் பலிக்குக் கொண்டுபோகணும்னு அவன் முடியைப் பிடிக்கப் பாப்பாங்க. அவன் அதுக்குள்ள வயித்துல குத்திட்டுப் போயிடுவான்."

"நீங்க ஜெயிக்கல. தாடிக்காரனும் ஜெயிக்கல." மோசெல் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "இந்த அடுப்புதான் ஊரைத் தோக்கடிச்சுது. பதினெட்டு வீட்டையும் கூப்பிட்டு, ஆவி பிடிக்க வெச்சு, குளிர்ந்த தண்ணியில எறக்கிவிட்டேன். ஒருத்தர் எந்திரிக்கல. என் பொண்ணுங்க ரெண்டு பேரும். சண்டைக்கு ஆள் வேணும்னப்ப சந்துல ஆள் இல்ல. நான் குளிக்கல, அதனால உக்காந்திருக்கேன். போதுமா? இப்பப் பலகையைத் தூக்கிட்டுப் போ."

யாரிடமும் சொல்லாததை ஒரு பகையாளியிடம் சொல்லிவிட்டாள். சொல்வதற்கு வேறு யாரும் இல்லை என்பதும் உண்மை.

ஷோக்கோ பலகையை இறக்காமலே இன்னும் பக்கத்தில் வந்தாள். அப்போதுதான் மோசெல் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தாள். அதிலும் அதே குழிகள்.

"உனக்கும் வந்துச்சா?"

"எல்லாருக்கும் வந்துச்சு. எங்கம்மா குளியல் வீட்டுப் பக்கமே போகல, அவளுக்கு மூச்சு முட்டும். ஆறு நாள்ல போயிட்டா. நான் ரெண்டு தடவை குளிச்சேன், இதோ நிக்கறேன். எங்க ஊர்த் தலைவரே போயிட்டாரு, அவருக்கு எத்தனை வைத்தியர்." அவள் பலகையைத் தரையில் போட்டாள். "உங்களை மாதிரி ஒரு திமிர் பிடிச்ச கூட்டத்தை நான் பாத்ததே இல்லக்கா. ஜெயிச்சா நாங்கதான்னீங்க. தோத்தாலும் நாங்களேதான் தோக்கடிச்சோம், வேற யாருக்கும் பங்கு கெடையாதுங்கறீங்க. எங்களுக்குன்னு கொஞ்சமாவது விட்டுவைங்களேன்."

மோசெலின் தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. சிரிப்பாக இருக்கலாம். பழக்கம் விட்டுப்போனதால் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

கை நீட்டி ஷோக்கோவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. வந்துபோனவளுக்கு மறுபடி வராது என்று அவளுக்கும் தெரியும். குழந்தை வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

அவள் கடப்பாரை தேடவில்லை. அடுப்பு வாயை அடைத்த மண்ணை அரைக்கும் கல்லாலேயே இடித்தாள்.

தார்ப் பலகை சடசடவென்று எரிந்தது. கரும்புகை எழுந்து கோயில் மேடைக்கு மேலே போயிற்று. மேற்கே நாலு மலைக்கு அப்பால் ஒருவன் மழை வருகிறது என்று துணி எடுத்தான் என்பார்கள். "நல்லா எரியுது" என்றாள் மோசெல். "சண்டையில என்ன கிழிச்சுதோ தெரியாது. அடுப்புல உருப்படியா இருக்கு."

"என் புருஷன்கிட்டச் சொல்லிடாதே."

கல் சிவந்தது. மோசெல் உருளைக்கல்லை எடுத்தாள். அது சிமல் வைத்த இடத்திலேயே இருந்தது. சுவரை இரண்டு தட்டு தட்டிச் சந்தின் வீடுகளைப் பார்த்து நின்றாள்.

"பானை வீடு."

கூரை இல்லாத பானை வீட்டுக்குள் காற்று போய் வந்தது. மோசெல் நின்றாள். பதில் வராமல் அடுத்த வீட்டைக் கூப்பிடக் கூடாது. நேரம் போயிற்று. அவள் அசையவே இல்லை.

"என்னக்கா, கல் ஆறுது."

"பதில் வரணும்."

"யார் சொல்லுவா?"

மோசெல் உருளைக்கல்லை இறக்கவில்லை. ஷோக்கோ அவளையும் காலி வீடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திலஷ்கலாவின் இழுப்புப் பேச்சில், "இன்னிக்கு இல்ல" என்றாள்.

"நீ எப்படிடி சொல்லலாம்? அவங்க வீட்டுக்கு நீ யாரு?"

"யாரும் இல்ல. ஆனா வாய் இருக்கு. அடுத்த வீட்டைக் கூப்பிடு."

மோசெல் அடுத்த வீட்டைக் கூப்பிட்டாள். வாத்து வீடு. இன்னிக்கு இல்ல. ஒற்றைக்கண் வீடு. இன்னிக்கு இல்ல. மூன்று அக்காள் வீட்டை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. பதினேழு தடவை எதிரி ஊர்க்காரி ஒருத்தி அந்தச் சந்தின் இறந்தவர்களுக்காக மரியாதையாகப் பதில் சொன்னாள். கேலி செய்யவில்லை. ஆறாவது வீட்டுக்குமேல் அவளும் வீட்டு வாசல்களைப் பார்த்தே சொன்னாள்.

"இறகு வீடு."

"வரேன்" என்றாள் ஷோக்கோ.

உள்ளே இருட்டில் மோசெல் மெல்லிய ஆவிதான் எழுப்பினாள். சோள மட்டையால் அந்த முதுகை முதலில் மெதுவாகத் தட்டிப் பார்த்தாள். முதுகில் பிரசவத்தின் இறுக்கம் தவிர வேறொன்றும் இல்லை. தட்டத் தட்ட அது இளகியது. வாய்க்காலில் இறங்க விடவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றித் துணியால் சுற்றினாள். மதியம் தாண்டிப் பால் இறங்கியது. குழந்தை குடித்த குடியில் ஏரி ஒரு விரல் வற்றியதாம்.

அதன் பிறகு நாலு மாதம், ஐந்து நாளைக்கு ஒருமுறை குளியல். மோசெல் கூப்பிடுவாள், ஷோக்கோ பதில் சொல்வாள். இருவரும் சேர்ந்து சமைத்தார்கள். ஷோக்கோ கை வைத்த பீன்ஸை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. "ஒரே நாள்ல அறுபது வருஷத்தையும் முடிச்சுடணுமா?" என்பாள் மோசெல். யார் யாரை ஜெயித்தது என்ற சண்டை தினமும் நடந்தது. ஒரு நாள் குதிரை ஜெயித்தது, ஒரு நாள் கொப்புளம், ஒரு நாள் கப்பம் கேட்டவர்களின் பேராசை. ஒரு நாளும் முடிவுக்கு வரவில்லை.

பிற்காலத்தில் அந்தச் சந்தில் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் குடியேறினார்கள். மோசெல் அவர்களையும் பழைய பெயரில்தான் கூப்பிட்டாள். தெற்குக் கரையிலிருந்து வந்த செருப்புக்காரன், நல்ல இரண்டு கண்ணோடு, சாகும்வரை ஒற்றைக்கண் வீட்டிலிருந்து 'வரேன்' என்று சொன்னான். ஆனால் அதெல்லாம் நெடுநாள் கழித்து.

கோடை தொடங்கும்போது தெற்கேயிருந்து ஆள் வந்தது. ஷோக்கோவின் கணவனுக்கு அங்கே நிலம் கொடுத்திருக்கிறார்கள், பெண்டுகள் எல்லாம் புறப்பட்டு வர வேண்டும். கிளம்புவதற்கு முதல் நாள் காலை மோசெல் கல்லைக் காயவைத்தாள். ஏரி உப்பில் ஒரு பெரிய கட்டியை இலையில் சுற்றி ஷோக்கோவின் மூட்டைக்குள் அவள் பார்க்காதபோது வைத்தாள். பார்த்தும் பார்க்காததுபோல் ஷோக்கோ குழந்தைக்கு மூக்குத் துடைத்தாள்.

கல் சிவந்தது. மோசெல் பதினெட்டு வீட்டையும் கூப்பிட்டாள். பதினேழுக்கு 'இன்னிக்கு இல்ல', ஒன்றுக்கு 'வரேன்'. அடுத்த ஐந்தாம் நாள் அந்த ஒன்றும் இருக்காது. பதில் சொல்லவும் வாய் இருக்காது. அவள் உருளைக்கல்லைக் கீழே வைத்துவிட்டுத் தட்டியை விலக்கப் போனாள்.

"இரு" என்றாள் ஷோக்கோ. "இங்க பத்தொம்போது வீடு இருக்கு."

"பதினெட்டு."

"நாலு மாசமா பாக்கறேன். உன் வீட்டை மட்டும் நீ கூப்பிட்டதே இல்ல."

"கூப்பிடறவ வீட்டை யார் கூப்பிடுவா?"

ஷோக்கோ குழந்தையை மோசெலின் கையில் திணித்தாள். கீழே கிடந்த உருளைக்கல்லை எடுத்துச் சுவரில் இரண்டு தட்டு தட்டினாள். ஒரு தட்டு பலமாக விழுந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது.

"குளியல் வீடு" என்றாள்.

மோசெல் நின்றாள். சந்தில் எங்கும் சத்தமில்லை. பானை வீட்டின் இடிந்த சுவருக்கு மேலே ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. ஷோக்கோ காத்திருந்தாள், பதில் வராமல் போகக் கூடாது என்பது இப்போது அவளுக்கும் தெரியும்.

"வீட்டுல இல்ல" என்றாள் மோசெல்.

ஷோக்கோவின் நெற்றி சுருங்கியது. "அப்போ பேசறது யாரு?"

மோசெல் அவள் கையில் இருந்த உருளைக்கல்லைப் பார்த்தாள். குழந்தை அவள் காதைப் பிடித்து இழுத்தது.

"பக்கத்து வீட்டுக்காரி."

"ஏங்கா, அடுப்புகிட்ட நின்னு மூளை வெந்துபோச்சா?" என்றாள் ஷோக்கோ. "சரி, பக்கத்து வீட்டுக்காரியே உள்ள போகட்டும். இன்னிக்கு நான் தட்டறேன். உன் முதுகை யாரும் தட்டி எத்தனை வருஷம் ஆச்சு?"

மோசெல் தட்டியை விலக்கினாள். குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி மண்டியிட்டுத் தலையைக் குனிந்து உள்ளே போனாள்.